கர்ப்பகாலப் பரிசோதனைகளும் ஸ்கேன்களும்: எதைச் செய்துகொள்வது என்று எப்படி முடிவெடுப்பது?

கர்ப்பம் உறுதியானதும் கையில் ஒரு சீட்டு வந்துவிடும். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், மறுபடி ரத்தம் என்று வரிசையாக எழுதியிருக்கும். முதல் தடவை நான் அந்தச் சீட்டோடு நேராகப் போய்க் கையை நீட்டிவிட்டேன். சில நாள் கழித்து "1:210, அதிக வாய்ப்பு" என்று அச்சடித்த ஒரு தாள் வந்தது. எதற்குச் சம்மதம் சொல்லியிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தச் சீட்டில் இருப்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை, அவ்வளவுதான். சிலவற்றுக்கு யோசிக்கவே வேண்டாம், செய்துகொள்ளலாம். சிலவற்றுக்கு ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தாலும் தகும். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் படிகள்.

படி 1: வாரக் கணக்கை எழுதி வையுங்கள்

கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரை நீளத்தை அளந்து இந்தக் கணக்கைச் சரிபார்ப்பார்கள். தேதி கணிக்க அந்தச் சமயத்து அளவுதான் மிகத் துல்லியமானது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு தாளில் இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள். தாயின் ரத்தத்திலிருந்து மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. 10 வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும். என்.டி. தவறிப்போனவர்களுக்கு நான்கு பொருள்களைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை 15 முதல் 20 வாரத்துக்குள். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். இந்தத் தேதிகள் முன்னமே தெரிந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். காலையில் சொல்லிவிட்டு மதியமே முடிவு கேட்டால் யாரால்தான் நிதானமாக யோசிக்க முடியும்?

படி 2: சீட்டை இரண்டாகப் பிரியுங்கள்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். பதில் எப்படி வந்தாலும் மருந்தோ ஊசியோ கவனிப்போ கொடுத்துச் சரிசெய்யக்கூடியவை இடப்பக்கம். தகவல் மட்டும் தந்து, மேலே என்ன செய்வது என்பதை நம்மிடமே விட்டுவிடுபவை வலப்பக்கம்.

இடப்பக்கம்தான் நீளமாக இருக்கும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரையிலேயே ஏறிவிடும். சிறுநீரில் எரிச்சலோ வலியோ இல்லாமலே கிருமி இருக்கலாம். கர்ப்பகாலத்தில் அது சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் சில நாள் மாத்திரையோடு தீர்ந்துவிடும். ரத்த அழுத்தம் ஒவ்வொரு முறை போகும்போதும் பார்ப்பார்கள். 20 வாரத்துக்குப் பிறகு 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் வந்தால் உடனே கவனித்தாக வேண்டும். கையில் பட்டை கட்டி அரை நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் மூன்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். "எனக்கு எதற்கு இது?" என்று சிலருக்கு மனம் சுருங்கும். யாரையும் சந்தேகப்பட்டு இதைக் கேட்பதில்லை, எல்லாரிடமும் கேட்கிறார்கள். எச்.ஐ.வி.யைக் கவனிக்காமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றிக்கொள்ளும். சிகிச்சை எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். சிஃபிலிஸுக்குப் பெனிசிலின் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்றால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும், அதற்கு முன்னமே தெரிந்திருந்தால்தான் ஆயத்தமாக இருக்க முடியும்.

ரத்தப்பிரிவு பார்ப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நீங்கள் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போது அதன் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலக்கலாம். உங்கள் உடல் அதை வெளியாள் என்று நினைத்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால் அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய் அதன் ரத்த அணுக்களை உடைக்கும். இதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. வழக்கமாக 28 வாரத்தில் ஒன்று, பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இடையில் ரத்தப்போக்கோ கருச்சிதைவோ ஏற்பட்டாலும் இந்த ஊசியைப் பற்றி நீங்களே கேளுங்கள். அவசரத்தில் விட்டுப்போவதுண்டு.

சர்க்கரைப் பரிசோதனையைப் பலர் தள்ளிப்போடுவார்கள். காரணம் எனக்கும் புரியும். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, குமட்டலோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். ஆனாலும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கும். நிறையப் பேருக்குச் சாப்பாட்டை மாற்றி, நடந்தாலே கட்டுக்குள் வந்துவிடும். சிலருக்கு இன்சுலின் தேவைப்படும்.

இடப்பக்கத்தில் உள்ளவற்றைப் பற்றி என் கருத்து இதுதான்: தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

வலப்பக்கம் டவுன் சின்ட்ரோம், எட்வர்ட்ஸ், பட்டாவ் போன்ற குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் பரிசோதனைகள் வரும். என்.டி., அதோடு சேர்ந்த ரத்தப் பரிசோதனை, என்.ஐ.பி.டி. எல்லாம் இந்தப் பக்கம். குரோமோசோம் மாற்றத்தைச் சரிசெய்ய மருந்து கிடையாது. அதனால் இங்கே முடிவு நம் கையில்தான். பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவுக்கான பரிசோதனை கோட்டின் மேலேயே உட்காரும். முதலில் தாயின் ரத்தம், தேவைப்பட்டால் தந்தையின் ரத்தம். இருவருமே கடத்துபவர்கள் (தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

படி 3: சல்லடையா, முடிவா என்று கேளுங்கள்

குழப்பம் முழுக்க இங்கேதான். என்.டி., ரத்தப் பரிசோதனை, என்.ஐ.பி.டி. மூன்றுமே சல்லடைகள். குழந்தைக்கு இருக்கிறதா இல்லையா என்று அவை சொல்லாது. வாய்ப்பு எவ்வளவு என்றுதான் சொல்லும். திட்டவட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசுவோ, பனிக்குடத்திலிருந்து நீரோ ஊசி வழியாக எடுத்துப் பார்க்க வேண்டும். முதலாவது 11 வாரத்துக்கு மேல், இரண்டாவது 15 வாரத்துக்கு மேல். இந்த ஊசிகளால் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் சிறியது, 100ல் ஒன்றுக்கும் குறைவு. சிறியதுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

அந்த 1:210 தாளுக்கு வருகிறேன். குழந்தைக்குக் குரோமோசோம் மாற்றம் இருக்க 210ல் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். அன்று ராத்திரி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வரிக்கு 15 புள்ளியாக 14 வரி வைத்தேன். மொத்தம் 210. அதில் ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான். ஆனா அந்த ஒண்ணு நாமளா இருந்தா?" என்றேன். இரண்டு கேள்வியுமே நியாயமானவை. பதற்றத்தில் "அதிக வாய்ப்பு" என்ற சொல் மட்டும்தான் காதில் விழுகிறது. புள்ளி வைத்துப் பார்த்தால் எண் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கு வரும் எண்ணையும் இப்படி வரைந்து பாருங்கள்.

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. எந்த எண்ணுக்கு மேல் "அதிக வாய்ப்பு" என்று எழுதுவது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 1:150 எல்லை, சில இடங்களில் 1:250. என்னுடைய அதே 1:210 வேறோர் இடத்தில் "குறைந்த வாய்ப்பு" என்று அச்சாகியிருக்கும். ஆகவே சொல்லைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

என்.ஐ.பி.டி. பற்றி "99 சதவீதம் சரியாக இருக்கும்" என்பார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள 100 கருக்களில் ஏறக்குறைய 99ஐப் பிடித்துவிடும் என்பது இதன் பொருள். பாசிட்டிவ் வந்த 100 பேரில் 99 பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது என்று பொருள் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு என்ற வயதில் 10,000 பெண்கள் பரிசோதித்துக்கொள்கிறார்கள். உண்மையில் 10 பேருக்கு இருக்கும், அந்தப் பத்தையும் சோதனை பிடித்துவிடுகிறது என்று வையுங்கள். மீதி 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வந்தால் அதுவும் சுமார் 10. ஆக, பாசிட்டிவ் வந்த இருபது பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. 40 வயதில் வாய்ப்பு ஏறக்குறைய 100ல் ஒன்று. அதே சோதனையில் பாசிட்டிவ் வந்தால் பத்துக்கு ஒன்பது உண்மையாக இருக்கும். சோதனை மாறவில்லை, உங்கள் வயதால் பதிலின் எடை மாறுகிறது. அதனால்தான் இதை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைப் பற்றிப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக்கூடாது என்கிறார்கள்.

படி 4: பதில் வந்தால் என்ன செய்வோம் என்று முன்னமே பேசுங்கள்

வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். "அதிக வாய்ப்பு என்று வந்தால் ஊசிப் பரிசோதனைக்குப் போவோமா? உறுதியானால் என்ன செய்வோம்?"

எதுவானாலும் இந்தக் குழந்தையைப் பெற்றெடுப்போம் என்பவர்களில் சிலர் சோதனையே வேண்டாம் என்பார்கள். வேறு சிலர் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள, சரியான மருத்துவமனையைத் தேட, முன்னமே தெரிய வேண்டும் என்பார்கள். கர்ப்பத்தைத் தொடர்வதா என்று யோசிப்பவர்களுக்குச் சீக்கிரம் தெரிவது முக்கியம். அது குறித்த சட்டமும் வார எல்லையும் நாட்டுக்கு நாடு வேறுபடும், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரி, இன்னும் முடிவு தெரியவில்லை என்கிறீர்களா? அதுவும் இயல்புதான். பேசத் தொடங்கியாயிற்று என்பதே போதும். எனக்கு நேர்ந்தது போல், தாள் வந்த பிறகு முதல் தடவையாகப் பேசுவதுதான் கொடுமை.

படி 5: டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்

"இது எதைத் தேடுகிறது, டாக்டர்? எதைத் தவறவிடும்? பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன? எப்போது, யார் எனக்குச் சொல்வார்கள்? இப்போது வேண்டாம் என்றால் எந்த வாரம் வரை மனதை மாற்றிக்கொள்ளலாம்?" ஐந்தே கேள்விகள், எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றுக்குச் சரி என்று சொல்லி இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றதற்காக மற்றக் கவனிப்பில் குறை வைக்கக்கூடாது.

படி 6: அனாமலி ஸ்கேனுக்குத் தயாராகுங்கள்

இந்த ஸ்கேன் இரண்டு பக்கத்திலும் வரும். நஞ்சுக்கொடி கீழே இருப்பது தெரிந்தால் பிரசவத்தைத் திட்டமிடலாம். சில இதயக் குறைகள் தெரிந்தால் பிறந்தவுடன் சிகிச்சை தரக்கூடிய இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம். சரிசெய்ய முடியாத குறைகளும் தெரியவரலாம். குழந்தையின் முகம் பார்க்கும் ஆசையில் மட்டும் உள்ளே போகாதீர்கள். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் பரிந்துரைத்தது. இதில் பயன்படுவது ஒலி அலைகள், எக்ஸ்-ரே கதிர் கிடையாது.

ஸ்கேன் எடுப்பவர் பத்து நிமிடம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பயப்படாதீர்கள், அளந்துகொண்டிருக்கிறார். குழந்தை திரும்பிக் கிடந்தால் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள். அறிக்கையில் இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால், அது மட்டும்தான் இருக்கிறதா, வேறு ஏதாவதும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். தனியாக இருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அந்த நீர்க்கட்டிகள் வழக்கமாகத் தானே மறைந்துவிடும். அதேபோல் "எல்லாம் நார்மல்" என்பதும் உத்தரவாதம் ஆகாது. இதயக் குறைகளில் கணிசமானவை இந்த ஸ்கேனிலும் தப்பிவிடும்.

படி 7: முடிவு வரும் நாளை நீங்களே அமையுங்கள்

முடிவைப் போனில் சொல்வார்களா, நேரிலா என்று முன்பே கேட்டு வையுங்கள். வேலை நடுவில் வரும் அழைப்பைத் தனியாக எடுக்காதீர்கள். எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டொரு நாள் அவகாசம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். நாங்கள் அப்போது என்.ஐ.பி.டி.க்குப் போனோம், குறைந்த வாய்ப்பு என்று வந்தது, அதோடு நிறுத்திக்கொண்டோம். அதே எண்ணோடு இன்னொருவர் நேராக ஊசிப் பரிசோதனைக்குப் போயிருக்கலாம், மற்றொருவர் எதற்கும் போகாமல் இருந்திருக்கலாம். மூவரும் தவறு செய்தவர்கள் இல்லை.

அப்புறம், இதுவரை சொன்னது எல்லாம் வழக்கமான பரிசோதனைகளுக்கு மட்டும். ரத்தப்போக்கு, தாங்கமுடியாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் ஏதாவது வந்தால் தாளும் கோடும் வேண்டாம். எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.