மாதிரி விசாரணையில் முரண்பாட்டைப் பதியவைப்பது

சட்ட மாணவர்களுக்குக் குறுக்கு விசாரணை பழக்க, கோயம்பேட்டில் செல்போன் பறிப்பு என்று ஒரு கற்பனை வழக்குக் கட்டு தயாரியுங்கள்; எட்டுப் பக்கம் போதும். சாட்சி போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தில் 'இருட்டில் முகம் தெரியவில்லை' என்று இருக்கட்டும். கூண்டில் ஏறும்போது அதே சாட்சி, 'முகத்தை நன்றாகப் பார்த்தேன்' என்பார்.

மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள். 'ஏன் மாற்றிச் சொல்றீங்க?' என்று கேட்டால் போச்சு, சாட்சி சாவகாசமாக விளக்கம் கொடுத்துவிடுவார். முதலில் கூண்டில் சொன்னதையே மறுபடி சொல்லவைத்து உறுதிப்படுத்த வேண்டும். பிறகு, பாரதிய சாட்சிய சட்டம் 148ஆம் பிரிவின்படி (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் 145), வாக்குமூலத்தின் அந்த வரியை மட்டும் சாட்சிக்குக் காட்ட வேண்டும். மறுத்தால் வாதாடக் கூடாது. புலனாய்வு அதிகாரியை விசாரிக்கும்போது சாட்சி அப்படிச் சொன்னதை அவர் மூலம் நிரூபிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் மறந்தே போகிறார்கள்.

ஆளுக்குப் பத்து நிமிடம். முடிந்ததும் ஒரே ஒரு குறையைச் சொல்லி, உடனே மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.