வார்டில் மனசு மரத்துப்போகாமல் இருக்க

மோசமான கவனிப்பை எந்த நர்ஸும் ஒரே நாளில் ஏற்றுக்கொள்வதில்லை. சேர்ந்த புதிதில் கண்ணை உறுத்தியது சில மாதங்களில் கண்ணில் படாமலே போய்விடும், அவ்வளவுதான். ஆள் போதவில்லை, சீனியர் “இங்க இப்படித்தான்” என்கிறார், ஒருநாள் ஒரு வேலை விட்டுப்போயும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே மறுநாளைக்கு அனுமதி மாதிரி ஆகிவிடுகிறது. 1986-ல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் கண்டதும் இதே வழுக்கலைத்தான், அதுவும் படித்த, பொறுப்பான பொறியாளர்களிடம். அதனால் நமக்கு வராது என்று இருக்காதீர்கள்.

முதலில் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லாப் படுக்கைக்கும் 18, 20, 18, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நோயாளி மோசமாகிறார் என்பதைப் பல நேரம் பிரஷர் இறங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது மூச்சுதான், அதைப் போய் குத்துமதிப்பாக எழுதுகிறோம். முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாடி பிடித்தபடியே மார்பைக் கவனியுங்கள். எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சுவிடும் விதமே மாறிவிடும்.

அப்புறம், செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். படுக்கைப் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் அட்டவணையை ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவதற்குப் பதில், “4 மணிக்குத் திருப்பவில்லை, ஆள் இல்லை” என்று எழுதுங்கள். திட்டு விழலாம். ஆனால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிற வார்டுக்கு யார் கூடுதல் ஆள் தருவார்கள்? அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் பார்க்கும் அறுவை சிகிச்சை நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. ஆள் பற்றாக்குறை உங்கள் தப்பு இல்லை, அதை மறைப்பதுதான் தப்பு.

புதிதாக வந்த மாணவி “ஏன் சிஸ்டர் இப்படிச் செய்யறோம்?” என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். உங்களுக்கு மறைந்துபோனது அவளுக்கு இன்னும் தெரிகிறது.

சக ஊழியரிடம் சொல்லும்போது பேச்சை நோயாளி பக்கம் திருப்புங்கள். “ஏன் கை கழுவல?” என்றால் சண்டைதான். “இவருக்கு சென்ட்ரல் லைன் இருக்கு சிஸ்டர், கை கழுவிட்டு வாங்க, அதுவரை நான் பாத்துக்கறேன்” (சென்ட்ரல் லைன் என்பது இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய்வரை போகும் குழாய்) என்றால் வேலை நடக்கும். நடக்கவில்லையா, பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், தேதி, நேரத்தோடு. நகல் உங்களிடம் இருக்கட்டும். முடிந்தவரை தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையின் நிலைமையைப் புகாராக எழுதிய நர்ஸ் ஹெலீன் டானலியைச் சக ஊழியர்களே மிரட்டினார்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் அப்படி ஒருவரை மட்டும் குறிவைப்பது கஷ்டம்.