கூகுளில் எங்கள் கடை வராததற்கு ஒரு டிக்தான் காரணம்

நாச்சியார்கோவிலில் எங்களுக்குக் குத்துவிளக்குக் கடை. வெப்சைட் போட்டு எட்டு மாதமாகியும் கூகுளில் கடைப் பெயரை அடித்தால்கூட வரவில்லை. செய்துகொடுத்தவரைக் கேட்டால் மாதாமாதம் பணம் கட்டி விளம்பரம் போடுங்கள் என்றார், அப்பாவும் சரி என்றுவிட்டார், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. விளம்பரத்தை நிறுத்தினால் ஆட்கள் வருவதும் நின்றுபோகுமே.

நம் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து முகப்புப் பக்கத்தைச் சோதித்தேன். 'நோஇண்டெக்ஸ்', அதாவது தேடலில் சேர்க்க வேண்டாம் என்று காட்டியது. எங்கள் தளத்தைக் கட்டிய மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸுக்குள் ரீடிங் பக்கத்தில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. தளத்தைக் கட்டும்போது அதில் போட்ட டிக்கை யாரும் எடுக்கவே இல்லை. எடுத்துவிட்டு, இண்டெக்ஸ் செய்யச் சொல்லிக் கோரிக்கை கொடுத்தேன். நாலாம் நாள் வந்துவிட்டது.

அப்புறம் தலைப்புகள். எல்லாப் பக்கத்திலும் 'ஹோம்' என்றே இருந்தது. போனில் ஆட்கள் கேட்பது "மூணு அடி விளக்கு என்ன எடை, என்ன விலை?" என்றுதான், அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பக்கம், தலைப்பிலேயே உயரம், உள்ளே எடையும் விலையும். கூகுள் மேப்பிலும் கடையைப் பதிந்து, திறக்கும் நேரமும் போட்டோவும் ஏற்றினேன், அதற்குக் காசே கிடையாது.

போன வாரம் மதுரையிலிருந்து ஒருவர், அன்னம் வைத்த 3 அடி விளக்கு என்று தேடிப் பார்த்து வந்ததாகச் சொல்லி ஒரு ஜோடி வாங்கிப் போனார்.