"எட்டு வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு கதைப் புத்தகம் சொல்லுங்களேன்"

இப்படி யாராவது கேட்டால் முன்பெல்லாம் நாலைந்து தலைப்புகளைக் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். இப்போது திருப்பிக் கேட்கிறேன்: "கடைசியா உங்க பொண்ணு எந்தக் கதையைப் படிச்சு வாய்விட்டுச் சிரிச்சா?" பலருக்குப் பதில் தெரியாது. சரி, அவளிடமே கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். பிள்ளையை விட்டுவிட்டு வயதை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் முதல் தவறு.

அட்டையில் '6–8' என்று போட்டிருப்பது பதிப்பகத்தின் உத்தேசக் கணக்கு, அவ்வளவுதான். ஒரே வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் இருப்பார், தடிமனான நாவலை இரண்டு நாளில் முடிப்பவரும் இருப்பார். ஒரே பிள்ளைக்குள்ளேயும் இரண்டு அளவு உண்டு. இந்த வயதில் தானாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது பெரும்பாலும் அதிகம். அதனால் தானே படிக்க ஒன்று, பெரியவர் வாசித்துக் காட்டக் கொஞ்சம் கனமாக இன்னொன்று என்று சொல்வதே நல்லது.

தானே படிப்பதற்கான அளவைப் பார்க்க ஐந்து விரல் சோதனை போதும். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம். ஆனால் இதைச் சட்டமாக்கிவிடாதீர்கள். டைனோசர் பைத்தியம் பிடித்த பிள்ளை ஏழு விரலையும் தாண்டிப் போகும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'போயிட்டான்' என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, அச்சில் 'சென்றுவிட்டான்' என்று பார்த்ததும் தயங்கும். கதை புரியாமல் அல்ல, எழுத்து நடை பழகாமல். முதல் சில பக்கங்களை நீங்கள் வாசித்துக் காட்டினால் அந்தத் தயக்கம் சீக்கிரம் போய்விடும்.

எளிமையான புத்தகத்தை மட்டமாக நினைப்பது அடுத்த தவறு. "இதெல்லாம் உனக்கு ரொம்ப ஈஸி, பெரிசா எடு" என்று கையிலிருந்து பிடுங்குகிறோம். குழந்தைகளுக்காக எழுதிய அமெரிக்க எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1960இல் வெளியிட்ட 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' முழுக்க முழுக்க 50 சொற்களால் ஆனது. திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான். பதிப்பாளரோடு கட்டிய பந்தயத்துக்காக எழுதியது. இன்றும் குழந்தைகள் அதை விழுந்து விழுந்து படிக்கிறார்கள். சொற்கள் குறைந்தால் கதையும் குறைந்துவிடும் என்பதில்லை.

படக்கதைக்கும் காமிக்ஸுக்கும் நாம் இதே அநியாயத்தைத்தான் செய்கிறோம். நல்ல படப் புத்தகத்தில் எழுத்து ஒன்று சொல்லும், படம் இன்னொன்று சொல்லும். 'எல்லோரும் தூங்கிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கும். படத்தில் பூனை மட்டும் சமையலறைப் பக்கம் நடந்துகொண்டிருக்கும். அந்தக் குறும்பைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அவசரமாகப் பக்கத்தைத் திருப்பும் நாம்தான் தவறவிடுவோம். ஒரே வரிசையில் வரும் புத்தகங்களைத் தொடர்ந்து படித்தாலும் தடுக்க வேண்டாம். பாத்திரங்களும் இடமும் முன்பே பழகியிருப்பதால் முழுக் கவனமும் கதைக்குப் போகும்.

நான் அடிக்கடி செய்த தவறு, என் பால்யத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது. சிறுவயதில் உருகி உருகிப் படித்த ஒரு சாகசக் கதையை அக்கா மகளுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "சித்தி, பத்துப் பக்கமா வெறும் மலையா வருது" என்றாள். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, மனித வாடையே இல்லை. எனக்கு நினைவில் இருந்ததெல்லாம் பதினோராவது பக்கத்துக்குப் பிறகு வந்தது! அன்றிலிருந்து, மறுபடி படித்துப் பார்க்காமல் எதையும் நான் சொல்வதில்லை.

ஆண் பிள்ளைக்கு விண்வெளி, பெண் பிள்ளைக்கு இளவரசி என்று பிரிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது நீதி கேட்பது. பிள்ளை கடைசிப் பக்கத்தை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே "சரி, இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டுவிடுகிறோம். அந்த நிமிடமே கதை வீட்டுப்பாடமாகிவிடுகிறது. பொய் சொல்லக் கூடாது என்று சொல்வதற்காகவே எழுதிய கதையை இரண்டாம் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், "அந்த யானை அப்படிச் செஞ்சது சரியா?" என்று சண்டைக்கு இடம் தருகிற மாதிரி கேளுங்கள். கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது.

எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். ஆசிரியராகவும் இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் தனியேல் பெனாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாவும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பெரியவர்களான நாம் இவற்றை யாரையும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம்.

அப்புறம், கொடுக்கிற விதம். இருபது தலைப்புகளோடு ஒரு பட்டியலை நீட்டினால் யாரும் தொட மாட்டார்கள். மூன்று போதும்: ஒன்று அவளுக்கு ஏற்கெனவே பிடித்த வகை, ஒன்று அதற்குப் பக்கத்து வீடு, ஒன்று முற்றிலும் புதுசு. முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள். கதவு தட்டும் சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ஏதோ வேலை வந்ததுபோல் எழுந்து போங்கள். புத்தகத்தை மட்டும் திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள்.