ஆலிவ் இலை விரைவுத் தபால்தலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறகு வைத்த தலைக்கவசம், அதனுடன் ஓர் ஆலிவ் கிளை, பச்சை நிறம், பத்து சென்ட் விலை. 1908 டிசம்பர் 12 அன்று அமெரிக்கா வெளியிட்ட விரைவு விநியோகத் தபால்தலை இது. கவசம் ரோமானியர்களின் தூதுத் தெய்வமான மெர்க்குரியுடையது. அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு சென்ட் தலையும் பச்சை என்பதால் அஞ்சலக ஊழியர்கள் குழம்பினார்கள். 1909 ஜூனிலேயே இதை நிறுத்திவிட்டு, சைக்கிள் தூதுவன் படம் போட்ட பழைய நீலத் தலைக்குத் திரும்பினார்கள். வியாபாரிகளிடம் தேடும்போது 'மெர்ரி விடோ' என்ற பட்டப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் மன்னிக்கவே முடியாத தவறு, உறையில் இருக்கும் தலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுவது. ஆல்பத்தில் அழகாக ஒட்டலாம் என்ற ஆசையில் வரலாற்றையே கழுவி விடுகிறோம். அரை ஆண்டு மட்டுமே விற்பனையில் இருந்த தலை என்பதால், அந்தக் காலத்தில் உண்மையாகப் பயணித்த உறைதான் அரிது, தனித்தலை அப்படியல்ல. பத்து சென்ட் என்பது விரைவுக்கான கூடுதல் கட்டணம் மட்டுமே. சாதாரணக் கடிதத்துக்கான இரண்டு சென்ட் தலையும் உறையில் இருக்க வேண்டும். சேர்ந்த ஊரின் முத்திரை பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தனித்தலையைப் பழைய உறையில் ஒட்டி விற்பவர்களும் உண்டு. பூதக்கண்ணாடியை வைத்து, முத்திரையின் மை தலையின் பல் விளிம்பைத் தாண்டி உறைத் தாளிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். கோடு விளிம்போடு நின்றுவிட்டாலோ, தாளில் தொடரும்போது சற்றே விலகினாலோ வாங்காதீர்கள். அதேசமயம், முத்திரையில் 1910 என்று இருப்பதாலேயே போலி என ஒதுக்க வேண்டாம். மக்கள் கையிருப்பில் இருந்தவை பிறகும் செலவாகியிருக்கும்.

பயன்படுத்தாத தலை என்றால் பசையைக் கவனியுங்கள். புதிதாகப் பசை தடவிய தலையில் அது பல் நுனிகளுக்குள் இறங்கி, நுனி விறைத்து நிற்கும். நீலம் பாரித்த தலையை 'நிறப் பிழை' என்று கூடுதல் விலைக்கு வாங்குவது இன்னொரு ஏமாற்றம். வெயிலும் ரசாயனமும் பச்சையை அப்படி மாற்றக்கூடும்.

அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் இதைத் தேடிப் பயனில்லை, அங்கே இந்திய வெளியீடுகள்தான். கண்காட்சிகளும் நம்பகமான வியாபாரிகளுமே வழி.

வாங்கிய பிறகு சென்னைக் காற்றிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பழுப்புப் புள்ளி வைக்கும். பீரோவில் அந்துருண்டை போடுவது பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது. அதற்கு சிலிக்கா ஜெல் வேண்டும். ஆல்பங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். விரல் படாமல் இடுக்கியால் மட்டுமே எடுங்கள்.