பழைய ரேஸ் போட்டோவில் முன்னால் போகும் திறந்த கார்: பேஸ் காரை அடையாளம் காண்பது எப்படி?

பழைய அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் போட்டோக்களைப் புரட்ட ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுவார்கள். கறுப்பு வெள்ளைப் படம். கதவில் பெரிதாக நம்பர் எழுதிய ரேஸ் கார்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. அவற்றுக்கு முன்னால், கூரையை மடக்கிவிட்டுப் பளபளவென்று ஒரு கார். அது என்ன கார், எந்த வருஷத்து மாடல்? அது தெரிந்துவிட்டால் படம் எடுத்த காலமும் பாதி பிடிபட்டுவிடும்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. ஸ்டாக் கார் ரேஸ் என்பது ஷோரூமில் விற்கும் மாடல்களை வைத்து ஓட்டிய ரேஸ். இந்த ரேஸ்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1948-ல் தொடங்கியது. 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' வகையில் அதன் முதல் ரேஸ் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்தது. ரேஸ் கார்களை வரிசைப்படுத்தி, மிதமான வேகத்தில் கூட்டிக்கொண்டு போய், பச்சைக் கொடி விழும் நேரத்தில் ஒதுங்கிக்கொள்கிற கார்தான் பேஸ் கார். ஊரே பார்க்கும் இடமாயிற்றே, அதனால் கார் விற்பவர்களுக்கும் அது நல்ல விளம்பரம். அந்தக் காலப் படங்களில் புத்தம்புது கன்வெர்ட்டிபிள்களை (கூரையை மடக்கக்கூடிய கார்களை) இவ்வளவு பார்ப்பது அதனால்தான்.

படி 1: பெரிதாக்குங்கள்

போனில் எடுத்த போட்டோ போதாது, பிரிண்ட்டின் பளபளப்பு விவரத்தையெல்லாம் தின்றுவிடும். ஸ்கேனரில் குறைந்தது 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்யுங்கள்.

படி 2: படம் இடவலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்துவிட்ட படங்கள் ஏராளம். எழுத்து தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். தெரியாவிட்டால் ஸ்டியரிங்கைப் பாருங்கள். அமெரிக்கக் காரில் அது இடது பக்கம் இருக்கவேண்டும். ஓவல் டிராக்கில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வலது பக்க ஸ்டியரிங்கைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண் நம்முடையது, அது தப்பாகவே படாது. நானே ஒரு படத்தை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு, பெட்ரோல் மூடி ஏன் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் படமே திரும்பியிருந்தது.

படி 3: அது பேஸ் கார்தானா?

அவசரப்படாமல் நிதானமாகச் செய்யவேண்டிய படி இது. திறந்த காரெல்லாம் பேஸ் கார் ஆகிவிடாது.

முதலில் ஊர்வலக் கார். ரேஸுக்கு முன்னால் அழகிப் பட்டம் வென்றவர்களையும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் திறந்த காரில் உட்காரவைத்து ஒரு சுற்று வருவார்கள். நம்ம ஊர் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. பின் சீட்டுக்கும் மேலே, மடக்கிய கூரையின் மேல் ஒருவர் உட்கார்ந்து கையசைத்தால் அது பெரும்பாலும் ஊர்வலம்தான். அதே கார் அப்புறம் பேஸ் காராகவும் போயிருக்கலாம், ஆனால் அந்தப் படம் அதற்குச் சாட்சி இல்லை.

இரண்டாவது பொறி இதைவிட மோசம்: ரேஸ் காரே கன்வெர்ட்டிபிளாக இருப்பது. 1956 முதல் 1959 வரை நாஸ்காரில் கன்வெர்ட்டிபிள்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. கர்டிஸ் டர்னர் 1956-ல் மட்டும் அந்தப் பிரிவில் 22 ரேஸ் ஜெயித்தார். டார்லிங்டன் டிராக்கில் நடந்த ரெபல் 300 ரேஸ் 1957-லிருந்து 1962 வரை கன்வெர்ட்டிபிள்களுக்கானது. 1959-ல் நடந்த முதல் டேட்டோனா 500-ல் ஓடிய 59 கார்களில் 20 கூரையில்லாதவை. கூரையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து, ஒரே காரை இரண்டு பிரிவிலும் ஓட்டியவர்களும் உண்டு. 'ஜிப்பர் டாப்' என்று அதற்குச் செல்லப்பெயர்.

எப்படிப் பிரிப்பது? ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் தடித்த இரும்புக் குழாய் வளைவு இருக்கிறதா, கதவில் நம்பர் இருக்கிறதா, ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் ரேஸ் கார். பேஸ் காரில் பின் சீட்டும், மடக்கிய கூரைமேல் இழுத்து மாட்டிய உறையும், பளபளக்கும் வீல் கப்பும் அப்படியே இருக்கும். ஓட்டுபவர் கோட்டோ சட்டையோ போட்டு, பெரும்பாலும் பக்கத்தில் ஒருவரோடு போவார்.

படி 4: இடம்

மணலும் கடலும் தெரிந்தால் டேட்டோனாவின் பழைய கடற்கரை டிராக்காக இருக்கலாம். அங்கே கடைசி ரேஸ் 1958-ல். வானுயரச் சாய்ந்த தார் வளைவு தெரிந்தால் 1959-ல் திறந்த புது டேட்டோனாவாக இருக்கலாம். அங்கே வளைவின் சாய்வு 31 டிகிரி. டார்லிங்டன் 1950-ல் திறந்தது. அதன் முதல் சதர்ன் 500-ல் 75 கார்கள், வரிசைக்கு மூன்றாக நின்று கிளம்பின. சார்லட்டின் பெரிய டிராக் 1960-ல்தான் வந்தது, டல்லடேகா 1969-ல்.

படி 5: தோராயமான வருஷம்

கம்பெனிப் பெயரைத் தேடும் முன் பொதுவான அடையாளங்களைப் பாருங்கள். எனக்கு முதலில் கண் போவது முன் கண்ணாடிக்கு. நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருந்தால் பெரும்பாலும் 1952-க்கு முந்தியது. இரண்டு ஓரமும் வளைந்து கதவுப் பக்கம் வரை வந்திருந்தால் 1955-லிருந்து அந்தப் பத்தாண்டின் முடிவு வரை என்று வையுங்கள். 1954-ல் சில விலையுயர்ந்த மாடல்களிலும் அது உண்டு.

அடுத்தது ஹெட்லைட். பக்கத்துக்கு ஒன்று என்றால் பெரும்பாலும் 1957 வரை, பக்கத்துக்கு இரண்டு என்றால் 1958 முதல். 1957-லேயே இரட்டை விளக்கோடு வந்த சில கார்களும் உண்டு, பின்னாளில் ஒற்றை விளக்கோடு வந்த சின்னக் கார்களும் உண்டு. ஆனாலும் பெரிய கார்களுக்கு இவ்வளவு கைகொடுக்கும் குறிப்பு வேறில்லை.

டயரிலுள்ள வெள்ளை வளையம் அகலமாக இருந்தால் 1961 வரை. 1962-லிருந்து அது மெல்லிய கோடாகிவிட்டது. மட்கார்டின் பக்கவாட்டில் சின்ன விளக்கோ பிரதிபலிப்பானோ இருந்தால் 1968 அல்லது அதற்குப் பிறகு, அந்த வருஷம்தான் அது அங்கே கட்டாயமானது.

படி 6: முகமும் வாலும்

இனி கம்பெனி. எல்லா மாடலையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி கண்ணில் படுகிற சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஃபோர்டு: கிரில் (காரின் முகத்திலுள்ள கம்பித் தடுப்பு) நடுவில் தோட்டா மாதிரி ஒரு குமிழ் இருந்தால் 1949 அல்லது 1950, இரண்டு இருந்தால் 1951. 1957-ல் பின்னால் பக்கத்துக்கு ஒரு வட்ட விளக்கு, 1958-ல் பக்கத்துக்கு இரண்டு, 1959-ல் மறுபடி பெரிதாக ஒன்று.

போன்டியாக்: பானெட் மேல் நீளவாக்கில் பளபளக்கும் பட்டை ஓடினால் 1956 வரை. 1957-ல் அதை எடுத்துவிட்டார்கள். கிரில் நடுவில் இரண்டாகப் பிரிந்தது 1959-ல். 1960-ல் சேர்ந்துவிட்டு 1961-ல் மறுபடி பிரிந்தது. 1963-ன் பெரிய போன்டியாக்கில் ஹெட்லைட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

பியூக்: முன் மட்கார்டில் வரிசையாக மூன்று நான்கு ஓட்டைகள். 1949-ல் வந்தது, 1958, 1959-ல் இல்லை, 1960-ல் திரும்ப வந்தது. ஹெட்லைட் சாய்வாக முறைத்துப் பார்த்தால் 1959.

செவ்ரோலேக்குத் தனிப் பத்தி வேண்டும். 1955, 1956, 1957 மூன்றையும் குழப்பிக்கொள்ளாத ஆளே கிடையாது. 1955-ல் கட்டம் கட்டமான சின்னக் கிரில், இரண்டு ஓரத்திலும் சிக்னல் விளக்கைத் தொடாமல் நின்றுவிடும். 1956-ல் அதுவே சிக்னல் விளக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு முழு அகலத்துக்கும் விரியும். 1957-ல் பின்னால் கூர்மையான துடுப்பு, பானெட் மேல் இரட்டை அலங்காரம், பம்பரில் முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு குமிழ்கள். பெட்ரோல் ஊற்றும் வாய் 1956-ல் இடது டெயில் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், 1957-ல் இடது துடுப்பின் குரோம் பட்டைக்குள். மூடியே தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு துப்புதான். 1959-ல் துடுப்பு வௌவால் இறக்கை போலப் படுத்துவிடும், அதன் கீழே பூனைக்கண் விளக்கு. அதை ஒரு தடவை பார்த்தவர் மறக்கமாட்டார்.

படி 7: காரின் மேல் உள்ள எழுத்து

எழுத்து தெரிந்தால் நல்லது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இண்டியானாபொலிஸ் 500 வேறு வகை ரேஸ். அதன் பேஸ் கார் போலவே கம்பெனிகள் நகல்கள் செய்து விற்றன. 1969-ன் வெள்ளை உடல், ஆரஞ்சுப் பட்டை கேமரோ கன்வெர்ட்டிபிள் மட்டும் 3,675. அதனால் அந்த வேஷத்தில் ஒரு கார் எந்த ஊர்ப் படத்திலும் தலைகாட்டலாம்.

ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இப்படி ஒரு படம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 'டார்லிங்டன், 1955' என்று மையில் எழுதியிருக்கிறது. முன்னால் வெள்ளைத் திறந்த கார், ஹெல்மெட் இல்லாத இருவர். ஸ்டியரிங் இடது பக்கம், சரி. முன் கண்ணாடி வளைந்தது, ஹெட்லைட் பக்கத்துக்கு ஒன்று. அப்படியானால் 1955 முதல் 1957. இனி வால்: கூர்மையான துடுப்பு, பக்கவாட்டில் குரோம் கோடு பின்னால் போகப் போக விரிந்து முக்கோணமாகிறது, அதற்குள் அலுமினியத் தகடு. 1957 செவ்ரோலே பெல் ஏர். 1957 மாடல்கள் விற்பனைக்கு வந்தது 1956-ன் இலையுதிர் காலத்தில். ஆக, பின்னால் எழுதிய 1955 தப்பு.

இனி ரேஸ் கார்கள். அவற்றில் 1958 மாடல் ஒன்றுகூட இல்லை என்றால் 1957 என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அந்த வருஷம் டார்லிங்டனில் மே மாதம் ரெபல் 300, செப்டம்பரில் சதர்ன் 500. பின்னால் வருவது எல்லாமே கூரையில்லாத கார்கள் என்றால் முதலாவது, பெரும்பாலும் கூரையுள்ளவை என்றால் இரண்டாவது.

கண்டுபிடித்ததைப் போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதிவிடாதீர்கள், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். படத்தை ஒரு காகித உறையில் போட்டு, அதன் மேல் பென்சிலால் காரின் பெயர், வருஷம், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதிவையுங்கள். பழைய கையெழுத்து தப்பானதாகவே இருந்தாலும் அழிக்க வேண்டாம். வருஷத்தில் தப்பிய அதே ஆள் ஊர் பெயரைச் சரியாக எழுதியிருக்கலாம்.