ஆறாம் லேனில் ஓடினால் மட்டும் ஒரு நொடி குறைகிறது

எங்கள் மண் மைதானத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விசித்திரம். ஆறாம் லேனில் ஓடுகிற பெண் 59 நொடியில் வருவாள். அதே பெண் சிந்தெடிக் டிராக்கில் ஓடினால் 60. வெளி லேனில் வளைவு இதமாக இருக்கும், அதனால்தான் என்றார்கள். ஒரு நொடிக்கா?

முதலில் ஸ்டாப்வாட்சைச் சந்தேகித்தேன். மூன்று பேர் நின்று நேரம் எடுத்தோம், ஒரே கதை. அப்புறம் முடிவுக்கோட்டைச் சரிபார்த்தோம். நேராகத்தான் இருந்தது. நான்கு நாள் போச்சு. கடைசியில் பிள்ளைகளை லேன் மாற்றி ஓடவிட்டேன். ஆறில் யார் ஓடினாலும் நேரம் குறைந்தது. அப்போ கோளாறு லேனில்தான்.

டேப் வைத்து லேன் அகலத்தை அளந்தேன்: 1 மீட்டர். இடம் போதாமல் குறுக்கிப் போட்டிருக்கிறார்கள். வெளி லேனில் ஒரு சுற்று நீளம் அதிகம், அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொரு லேனின் தொடக்கக் கோட்டையும் முன்னால் தள்ளிப் போடுவோம். ஆனால் எவ்வளவு தள்ளுவது என்பதற்கு 1.22 மீட்டர் அகல லேனின் பட்டியலை அப்படியே எடுத்திருந்தோம். அதில் ஆறாம் லேனுக்கு 37.70 மீட்டர் முன்னால். எங்களுக்குத் தேவை அகலம் × 2 × 3.1416, அதாவது லேனுக்கு 6.28, ஐந்து லேனுக்கு 31.42 மீட்டர். ஆறு மீட்டருக்கு மேல் இனாம்!

வளைவின் ஆரம் எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. பலர் அதைத்தான் முதலில் அளக்கப் போவார்கள், நானும்தான்.

சுண்ணாம்புக் கோட்டை அழித்து, ஒவ்வொரு லேனிலும் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி வளைவோடு டேப் பிடித்து மறுபடி போட்டோம். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு 60 வந்தது. அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.